அத்தியாயம் 7: மிதவை கற்றுத்தரும் பாடம் – தொடுதிரைக்கான காட்சிக் கூறுகளை வரைதல்

கொட்டியாறுக் குடாவைக் கடந்து திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நுழையும் ஒரு கப்பலை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மாலுமிக்குத் தமிழ் தெரியாது, சிங்களமும் தெரியாது. இந்த ஊரை அவர் முன்பின் கண்டதும் இல்லை. ஆனாலும் கால்வாயின் எல்லை எது என்று மிதவையைப் பார்த்தே அறிந்துகொள்கிறார். இலங்கை பின்பற்றும் சர்வதேச முறைப்படி, உள்ளே வரும் கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. சிவப்புக்கு உரியது உருளை வடிவம், பச்சைக்கு உரியது கூம்பு வடிவம். மேலே இலக்கம் இருக்கும். இரவானால் அதே நிறத்தில் விளக்கு மினுங்கும். எதிர்வெயிலில் நிறம் தெரியாவிட்டால் வடிவம் சொல்லும். இருட்டில் வடிவம் மறைந்தால் விளக்கு சொல்லும்.

இந்த ஒழுங்கு ஒரே நாளில் வந்ததல்ல. 1970களில்கூட உலகத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மிதவை முறைகள் இருந்தன. ஒரு நாட்டின் சிவப்பு இன்னொரு நாட்டில் எதிர்ப்பொருள் தந்தது. 1980இல் டோக்கியோவில் கூடிய மாநாட்டில்தான் நாடுகள் ஒரே முறைக்குள் வர உடன்பட்டன. அப்போதும் இடம் வலம் பற்றி ஒத்துப்போக முடியாமல் உலகம் இரண்டு வலயங்களானது. அமெரிக்கக் கண்டங்களிலும் ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் நாடுகளிலும் சிவப்பு வலப்பக்கம். நாம் மற்ற வலயத்தில் இருக்கிறோம்.

தொடுதிரைக்கு வரையும் எவருக்கும் நான் முதலில் கொடுக்கும் பாடம் இந்த மிதவைதான். ஒரு பொருளை ஒரே ஒரு அடையாளத்தில் மட்டும் ஏற்றி வைக்காதீர்கள். வடிவம், சொல், நிறம் மூன்றும் ஒன்றையே சொல்லட்டும். ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் தாங்கிக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் அதன் விரிவுதான்.

பயிற்சி

துறைமுகப் பகுதியைச் சுற்றிப் பார்க்க வருவோருக்கு ஒரு தொடுதிரை வழிகாட்டி செய்வதாக வைத்துக்கொள்வோம். கைத்தொலைபேசியிலும் ஓடவேண்டும், இறங்குதுறையில் நிறுத்தும் பெரிய திரையிலும் ஓடவேண்டும். அதில் ஆறு இடங்கள்: சுவாமி மலையின் உச்சியில் கோணேசர் கோயில், அதற்குப் போகும் வழியில் பிரட்ரிக் கோட்டை, கொட்பே மீன்பிடித் துறைமுகம், சீனக்குடா எண்ணெய்க் குதங்கள், கிண்ணியாப் பாலம், கன்னியா வெந்நீர்க் கிணறுகள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம், ஒரு பெயர்ப்பலகை, ஒரு வரைபடக் குறி வேண்டும். தாளும் பென்சிலும் எடுங்கள். கணினியைப் பிறகு திறக்கலாம்.

சின்னம்

1984இல் மெக்கின்டாஷ் கணினிக்குச் சூசன் கேர் வரைந்த சின்னங்கள் 32க்கு 32 புள்ளிக் கட்டத்துக்குள் அடங்கியவை. கறுப்பு, வெள்ளை தவிர நிறமே கிடையாது. அந்தக் குப்பைத்தொட்டியையும் சிரிக்கும் கணினியையும் இன்றும் யாரும் மறக்கவில்லை. எதை வரையாமல் விடுவது என்று தெரிந்தவருடைய கை அது.

நீங்கள் 24க்கு 24 கட்டம் எடுங்கள். ஓரத்தில் இரண்டு கட்டம் வெறுமையாக விடுங்கள். கோட்டின் தடிப்பு எல்லாச் சின்னத்திலும் இரண்டு கட்டம். இதை மாற்றாமல் வைத்தாலே ஆறு சின்னங்களும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் போல இருக்கும்.

மீன்பிடித் துறைமுகத்துக்கு என்ன வரைவீர்கள்? மாணவர்களிடம் கேட்டால் பத்துக்கு எட்டுப்பேர் முக்கோணப் பாய் கட்டிய உல்லாசப் படகை வரைகிறார்கள். அயல்நாட்டுச் சின்னத் தொகுப்புகளில் பார்த்துப் பழகியது அது. கொட்பேயில் நிற்பவை பலநாள் கலங்களும் பின்புறம் இயந்திரம் பூட்டிய ஃபைபர் வள்ளங்களும். வள்ளத்தை வரையுங்கள்: முனை உயர்ந்த ஒரு வளைகோடு, பின்னால் தொங்கும் இயந்திரத்துக்கு ஒரு சிறு கட்டை. இரண்டே கோடுகள் போதும். கடற்தொழிலாளி ஒருவர் அதைக் கண்டவுடன் தன் வள்ளம் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தச் சின்னம் இந்த ஊருக்கு உரியதல்ல.

பிரட்ரிக் கோட்டை வேறு வகைச் சிக்கல். போர்த்துக்கேயர் 1624இல், இடிக்கப்பட்ட பழைய கோணேசர் கோயிலின் கற்களையும் கொண்டு கட்டியது. பிறகு ஒல்லாந்தர் கைக்கு வந்தது, 1795இல் ஆங்கிலேயரிடம் போனது. இத்தனை வரலாற்றையும் 24 கட்டத்துக்குள் அடைக்க முடியாது, அடைக்கவும் கூடாது. வருபவர் கண்ணில் முதலில் படுவது அந்த வாயில் வளைவு. உள்ளே போனதும் புள்ளிமான்கள். மானை வரைந்தால் அழகாக இருக்கும், ஆனால் வனவிலங்குச் சரணாலயம் என்று வாசிப்பார்கள். சின்ன அளவில் புள்ளிகளும் கரைந்துபோகும். ஆகவே வாயில் வளைவுதான். மானை உள்பக்கத்துப் பெரிய ஓவியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கன்னியாவில் ஏழு கிணறுகள், எல்லாம் சதுரக் கட்டுக் கொண்டவை. வெந்நீர் என்றதும் மூன்று ஆவிக் கோடுகளைப் போட்டுவிடத் தோன்றும். அந்தச் சின்னம் உலகெங்கும் உணவகத்தின் சூடான கோப்பைக்கு உரியதாகிவிட்டது. சதுரக் கட்டு, அதற்குள் ஒரு நீரலை, மேலே ஒரே ஒரு ஆவிக் கோடு என்று வரையுங்கள். ஏழையும் வரைய முயல வேண்டாம். ஏழு என்ற எண்ணைச் சொல் சொல்லிக்கொள்ளும்.

சீனக்குடாவில் ஆங்கிலேயர் காலத்து எண்ணெய்க் குதங்கள் 99 இருக்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது இந்தப் பகுதியும் குண்டுக்கு இலக்கானது. 99 வட்டங்களை வரைபடத்தில் கொட்டினால் அம்மை போட்டதுபோல ஆகிவிடும். தூரத்தில் பார்க்கும்போது ஒரே ஒரு குதத்தின் உருவமும் 99 என்ற இலக்கமும் போதும். விரலால் விரித்துக் கிட்டே போகப்போக அந்த ஒன்று பலவாகப் பிரியட்டும். இதைக் கூட்டுக்குறி என்பார்கள். ஊடாடும் வரைபடம் அச்சு வரைபடத்தை வெல்லும் இடங்களில் இது ஒன்று.

வழிபாட்டிடங்களின் சின்னங்களில் மிகுந்த கவனம் தேவை. இந்த மாவட்டத்தில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். இங்குள்ள வெல்கம் என்னும் பௌத்த விகாரையில் கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் அதை இராஜராஜப் பெரும்பள்ளி என்றே அழைக்கின்றன. நான்கு சின்னங்களுக்கும் ஒரே உயரம், ஒரே தடிப்பு, ஒரே அளவு நுணுக்கம் கொடுங்கள். கோபுரத்தில் ஐந்து நிலையைச் செதுக்கிவிட்டுப் பள்ளிவாசலை வெறும் அரைவட்டமாக விட்டால், யாருடைய கை வரைந்தது என்று பார்ப்பவர் உடனே கண்டுபிடிப்பார். அவருக்கு அது வலிக்கும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. கோட்டைக்குள் படைமுகாம் இருக்கிறது, துறைமுகத்தின் ஒரு பகுதி கடற்படைத் தளம். அனுமதி இல்லாமல் அங்கே படம் எடுக்கக் கூடாது. பொது இடத்தில் நின்று கையால் வரைந்த கோட்டோவியமே பெரும்பாலும் போதும்.

நிறம்

கோடுகள் கறுப்பு வெள்ளையில் சரியாக வந்த பிறகே நிறத்துக்குப் போங்கள்.

திரை நிறங்களில் தூய சிவப்பையும், இணையத்தில் பச்சை என்று பெயரிட்டிருக்கும் நடுத்தரப் பச்சையையும் அருகருகே வையுங்கள். கண்ணுக்கு நெருப்பும் இலையும் போல வேறுபடும். அந்தப் படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். அவற்றின் ஒளி வேறுபாடு வெறும் 1.3க்கு 1. சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாத ஒருவருக்கு ‘திறந்திருக்கிறது’, ‘மூடியிருக்கிறது’ என்று நீங்கள் போட்ட இரண்டு வட்டங்களும் ஒன்றுதான். மிதவையை வடிவமைத்தவர்கள் உருளையும் கூம்பும் சேர்த்ததன் பயன் இங்கே தெரியும். நீங்களும் ஒன்றை வட்டமாகவும் மற்றதைச் சதுரமாகவும் ஆக்கி, உள்ளே சொல்லையும் எழுதுங்கள்.

ஒளி வேறுபாட்டை அளக்கும் அளவுகோல் 1இலிருந்து 21வரை போகிறது. வெள்ளையின் மேல் கறுப்பு 21. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்கும் பொத்தான் ஓரங்களுக்கும் 3 என்பது இணைய அணுகல் நெறிகளின் விதி. 767676 என்ற இலக்கமுள்ள சாம்பல், வெள்ளைத் தாளில் 4.54 பெற்று மயிரிழையில் தப்பும். அறைக்குள் அது போதும். டச்சுக் குடாக் கரையில் கச்சான் காற்று வீசும் மே, ஜூன் மாதத்து நண்பகலில் அந்தச் சாம்பல் காணாமல் போய்விடும். வெளியில் பாவிக்கும் திரைக்கு 7க்குக் குறையாமல் வையுங்கள் என்பது என் கருத்து. வெளிச்சத்தில் இருண்ட பின்னணி கண்ணாடிபோலப் பார்ப்பவர் முகத்தையே காட்டும். வெளிர்ந்த பின்னணியும் கரிய எழுத்தும்தான் நிற்கும்.

இன்னொன்று. பச்சையும் நீலமும் கட்சி நிறங்களாக வாசிக்கப்படும் நாடு இது. முழுத்திரையையும் ஒரே நிறத்தால் நிரப்பும் முன் இரண்டு பேரிடம் காட்டிக் கேளுங்கள்.

எழுத்து

இந்தப் பகுதியை அவசரப்படாமல் வாசியுங்கள். நம்முடைய திரைகள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான்.

இலங்கையில் உள்ள ஒருவர் உங்களுக்குத் தரும் தமிழ்க் கோப்பு பாமினி எழுத்துருவில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அச்சகங்களும் அலுவலகங்களும் அதில் பல ஆண்டு ஊறிவிட்டன. பாமினி தமிழைப்போலத் தோன்றினாலும் கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் குவியல். அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் திறந்தால் குப்பையாகக் கொட்டும், தேடினால் கிடைக்காது, பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் செயலியும் உளறும். கையில் எடுத்தவுடன் யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் ஒருமுறை கண்ணால் வாசியுங்கள்.

அடுத்தது, உங்கள் கருவி தமிழைச் சரியாகக் கோக்கிறதா என்று பார்ப்பது. ‘கோ’ என்று நாம் எழுதும்போது குறி ககரத்தின் இருபுறமும் நிற்கிறது. கணினியிலோ அது ககரத்துக்குப் பின்னால் வரும் ஒரே குறியீடு. கோக்கத் தெரியாத கருவி அதை இடம் மாற்றிப் போடும், அல்லது புள்ளி வட்டம் ஒன்றைக் காட்டும். விளையாட்டுகள் உருவாக்கும் சில கருவிகளில் இன்றும் இந்தக் குறை இருக்கிறது. இல்லஸ்ட்ரேட்டர், ஃபோட்டோஷாப் இரண்டிலும் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால், பழைய பதிப்புகளில் குறிப்பாக, எழுத்துகள் சிதறக்கூடும். இங்க்ஸ்கேப் இலவசம், தமிழைச் சிதைக்காமல் காட்டும்.

சோதிக்க எந்தச் சொல்லை இடுவது? நம் ஊர்ப் பெயர்களே போதும்: திருகோணமலை, கோணேசர், மூதூர், கொட்டியாறு, நிலாவெளி, சீனக்குடா. இந்த ஆறு பெயர்களுக்குள் தமிழின் உயிர்க்குறிகள் ஏறக்குறைய முழுவதும் அடங்கிவிடுகின்றன. விடுபடுவது ஔகாரம் ஒன்றுதான். அதற்குப் ‘பௌர்ணமி’யைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஏழும் சரியாக வந்தால் கருவியை நம்பலாம். இந்த வரியை ஒரு கோப்பில் எழுதி எப்போதும் வைத்திருங்கள்.

தமிழ் எழுத்து மேலும் கீழும் நீளும் எழுத்து. ‘மூதூர்’ என்ற சொல்லில் கீழே இறங்கும் சுழிகளையும் மேலே நிற்கும் புள்ளியையும் பாருங்கள். ஆங்கிலத்துக்கு வைத்த வரி உயரத்தில், அதாவது எழுத்தளவின் 1.2 மடங்கில், இதை அடுக்கினால் மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியைத் தொடும். 1.5இலிருந்து 1.7 வரை கொடுங்கள். எழுத்துகளை விலக்கி வைத்து அழகு பார்க்கும் ஆங்கில வழக்கமும் வேண்டாம். ‘வெ’ என்பதில் கொம்பு தன் எழுத்தைவிட்டுப் பிரிந்து அநாதையாக நிற்கும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவும் இல்லை. தலைப்பைத் தலைப்பாகக் காட்டத் தடிப்பும் அளவும் சுற்றியுள்ள வெற்றிடமுமே நமக்கு உள்ள வழி. சரித்து எழுதுவதைத் தவிருங்கள்.

நல்ல எழுத்துருக்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. நீண்ட வாசிப்புக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். முக்த மலர் பொத்தானுக்கு நன்றாக இருக்கும். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த எழுத்துருவின் பெயர் கட்டமரான். கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் எடுத்த வடிவம் அந்தப் பெயர். மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது தடிப்புகள் அதில் உண்டு. துறைமுக வழிகாட்டிக்கு நான் அதையே எடுப்பேன்.

சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. எனவே ஒவ்வொரு பொத்தானும் மூன்று மொழியையும் தாங்க வேண்டும். ஆங்கிலத்தில் பெட்டியை வரைந்து முடித்துவிட்டுக் கடைசியில் தமிழை அதற்குள் திணிக்கிறார்கள். எழுத்துச் சிறுத்துப்போகிறது, அல்லது சொல் நடுவில் வெட்டுப்படுகிறது. தலைகீழாகச் செய்யுங்கள். ‘மீன்பிடித் துறைமுகம்’ என்று எழுதிப் பெட்டியை வரையுங்கள். இரண்டு வரிக்கு இடம் விடுங்கள். தமிழுக்குப் போதுமான பெட்டியில் ஆங்கிலம் தாராளமாக அமரும். சிங்களத்துக்கு மட்டும் தனியே ஒருமுறை சரிபாருங்கள். எழுத்தைப் படத்துக்குள் பதித்து அனுப்பும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

சொல்

சின்னத்தின் கீழே எழுதும் சொல்லும் காட்சிக் கூறுதான். வரைபடச் செயலிகளில் வழி காட்டும் பொத்தானுக்குப் ‘பாதை’ என்று எழுதுவது வழக்கம். கிழக்கிலே பாதை என்றால் ஆற்றைக் கடக்க ஆளையும் வண்டியையும் ஏற்றிச் செல்லும் மிதவைக் கலமும்கூட. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கும் வரை அந்த நீரைப் பாதையில் ஏறித்தான் கடந்தார்கள். கிண்ணியாவில் ஒரு பெரியவர் ‘பாதை’ என்ற பொத்தானைக் கண்டால் எதை எதிர்பார்ப்பார்? ‘போகும் வழி’ என்று எழுதிவிடுங்கள், குழப்பம் இல்லை.

இதேபோலக் கச்சான் இங்கே காற்றும் ஆகும், நிலக்கடலையும் ஆகும். வானிலைப் பக்கத்தில் ‘கச்சான் காற்று’ என்று முழுதாக எழுதுங்கள். கலங்கரை விளக்கம் என்பது பாடப்புத்தகத்துச் சொல். ஊரில் வெளிச்சவீடு. மொழிபெயர்ப்புக் கருவி தரும் சொல்லை ஏற்கும் முன், இறங்குதுறையில் நிற்பவர் வாயில் அந்தச் சொல் வருமா என்று பாருங்கள்.

பொத்தானும் அசைவும்

விரல் படும் இடம் ஆப்பிள் விதிப்படி 44 புள்ளி, ஆண்ட்ராய்டு விதிப்படி 48. கையில் அளந்தால் ஏறக்குறைய 7இலிருந்து 9 மில்லிமீற்றர் வரை. படகிலோ ஓட்டோவிலோ குலுங்கியபடி தொடுபவருக்கு அது போதாது. 12 மில்லிமீற்றர் கொடுங்கள். நீர்த்துளி பட்ட திரை தானாகவே தொட்டதாக நினைத்துக்கொள்ளும். ஆகவே அழிக்கும் பொத்தானையும் அனுப்பும் பொத்தானையும் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஒரு பொத்தானை ஒருமுறை வரைந்தால் வேலை முடியாது. சும்மா இருக்கும்போது, அழுத்தும்போது, தெரிவானபோது, பயன்படாதபோது, காத்திருக்கும்போது என்று ஐந்து நிலைகள். ஐந்தையும் ஒரே தாளில் வரிசையாக வரையுங்கள். நிறம் மட்டும் மாறினால் போதாது, அழுத்தும்போது ஓரம் தடிக்கட்டும், தெரிவானால் ஒரு சரிக்குறி வரட்டும்.

அசைவுக்கும் கடலிலேயே மாதிரி உண்டு. ஆபத்தின் எந்தத் திசையில் செல்வது பாதுகாப்பு என்று காட்டும் மிதவைகளின் விளக்கு, கிழக்குக்கு மூன்று முறை மின்னும், தெற்குக்கு ஆறு முறை, மேற்குக்கு ஒன்பது முறை. மணிக்கூட்டு முகத்தை நினைத்தால் விளங்கும். தெற்குக்கு ஆறுடன் நீண்ட மின்னல் ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள், எண்ணுவதில் பிசகினாலும் தவறிப்போகாதிருக்க. அங்கே ஒவ்வொரு மினுக்கத்துக்கும் ஒரு பொருள் இருக்கிறது. உங்கள் திரையில் துள்ளும், சுழலும், ஒளிரும் ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என்று கேளுங்கள். பதில் இல்லாததை நீக்குங்கள். எதுவும் ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது, வலிப்பு நோய் உள்ளவருக்கு அது ஆபத்து.

கோப்பு

சின்னத்துக்கும் வரைபடத்துக்கும் எஸ்விஜி. எவ்வளவு பெருப்பித்தாலும் உடையாது. புகைப்படத்துக்கு ஜேபெக் அல்லது வெப்பி. பின்னணி ஊடுருவித் தெரியவேண்டிய படத்துக்குப் பிஎன்ஜி. தொலைபேசித் திரைக்கு 4000 பிக்சல் அகலப் படத்தை ஏற்றாதீர்கள், பார்ப்பவர் தரவுக்குக் காசு கட்டுகிறார். கோப்பின் பெயரில் இடம், அளவு, நிலை மூன்றும் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து அதைத் திறக்கப் போவது நீங்களே.

காட்டிப் பார்த்தல்

ஆறு சின்னங்களையும் கறுப்பு வெள்ளையில், பெயரில்லாமல், தொலைபேசியில் ஏற்றிக்கொண்டு உட்துறைமுக வீதிக்குப் போங்கள். காலை ஏழு மணிக்கு ஒருமுறை, வெயில் உச்சிக்கு வந்ததும் ஒருமுறை. வள்ளம் கட்டிக்கொண்டிருக்கும் ஐயாவிடம், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையிடம், மீன் வாங்க வந்த அக்காவிடம் காட்டி ‘இது என்ன?’ என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள், அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மூன்று பேரில் இருவருக்கு விளங்காத சின்னத்தைத் திருத்தாமல் மறுபடி முதலிலிருந்து வரையுங்கள். அவர்கள் சொன்ன சொற்களைப் பெயர்ப்பலகையில் இட்டுக்கொண்டு அடுத்த கிழமை திரும்பவும் அதே இடத்துக்குப் போங்கள்.